பெயரை நீக்கினால் மட்டும் போதாது

12 ஓட்டுநர்களின் கேன் பஸ் (காரின் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் உள் இணைப்பு) பதிவில் பெயரையும் ஜிபிஎஸ்ஸையும் எடுத்துவிட்டேன், பொதுவில் வெளியிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 15 பேரை ஓட்டவைத்துப் பார்த்தது. எல்லா சென்சார் பதிவையும் சேர்த்தபோது ஓட்டியது யார் என்பது 100% சரியாக வந்தது. பதிவு நீளமாக இருந்தால் பிரேக் பெடல் ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுக்கும். மிதிக்கும் விதம் கையெழுத்து மாதிரி.

அப்புறம் வேகம். கிளம்பிய இடம் தெரிந்தால், எங்கே நின்றது, எங்கே திரும்புவதற்காக வேகம் குறைந்தது என்று வரைபடத்தோடு பொருத்தியே பாதையை ஊகிக்கலாம். பயணத்தின் முதல், கடைசி நிமிடங்களை வெட்டிவிடுங்கள். சில கார்களில் வண்டியின் தனி அடையாள எண்ணான விஐஎன்னே கேன் பஸ்ஸில் ஓடும் (பலர் கோட்டைவிடுவது இங்கேதான்), அதையும் தேடுங்கள். நானாக இருந்தால் ஒப்பந்தம் போட்டு, கேட்கும் ஆய்வாளர்களுக்கு மட்டும் தருவேன்.