தன் அணி ஆடாத ஆட்டத்தைப் பார்த்து அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஏன் பதறுகிறார்கள்?

ப்ளேஆஃப் என்பது லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் நாக் அவுட் சுற்று. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் இரு பிரிவுகளிலும் தலா ஏழு அணிகளுக்கு இடம். நான்கு இடங்கள் உட்பிரிவுகளில் முதலிடம் பிடித்தவர்களுக்கு. மிச்சமுள்ள மூன்றுக்குத்தான் அடிபிடி. அங்கே பல நேரம் நீங்கள் வென்றால் மட்டும் போதாது, அடுத்தவரும் சறுக்க வேண்டும். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் வைத்திருப்பவர் யாரோ ரத்து செய்வார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதைப் போலத்தான்.

2022 ஜனவரி 9 அன்று நடந்த கூத்தைப் பாருங்கள். லாஸ் வேகாஸில் ரெய்டர்ஸும் சார்ஜர்ஸும் மோதின. சமனில் முடிந்தால் இருவருமே உள்ளே, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வெளியே! முறையான நேரத்தின் கடைசிப் பந்தில் சார்ஜர்ஸ் 29-29 என்று சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 32-32. பிட்ஸ்பர்க் ரசிகர்களுக்கு உயிரே போயிருக்கும். 38 விநாடி மிச்சமிருக்க, சார்ஜர்ஸ் பயிற்சியாளர் கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் கேட்டார். கேட்காமல் விட்டிருந்தால் ஆட்டம் சமனிலேயே முடிந்திருக்கும் என்று அவரை இன்றும் திட்டுபவர்கள் உண்டு. நேரம் முடியும் தருணத்தில் ரெய்டர்ஸின் டேனியல் கார்ல்சன் 47 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே பறந்தது. 35-32. சார்ஜர்ஸ் வெளியே, ஸ்டீலர்ஸ் உள்ளே.

அமெரிக்கக் கால்பந்தில் சமனே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். லீக் ஆட்டங்களில் உண்டு, ப்ளேஆஃபில்தான் கிடையாது.