2017 ஜூனில் பதிவான பி.எஸ். 3 லாரி: தமிழ்நாட்டுப் பதிவெண் கிடைக்குமா?

கேள்வி: கொங்கு வட்டாரத்தில் இரண்டு லாரி வைத்துத் தொழில் செய்பவன் நான். மூன்றாவதாகப் பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு பத்துச் சக்கர லாரியை வாங்கி, என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையில்லாச் சான்று) பெற்று இங்கே கொண்டுவந்தேன். ஆர்.சி.யில் பதிவுத் தேதி 14-6-2017, மாசுத் தரம் பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் 3). ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புதிய எண் கேட்டு விண்ணப்பித்தபோது, "1-4-2017-க்குப் பிறகு பி.எஸ். 3 வண்டியைப் பதிவு செய்ததே தவறு" என்று வாய்மொழியாகச் சொல்லிக் கோப்பைத் திருப்பிவிட்டார்கள். முதலில் விற்ற ஷோரூமும் இப்போது இல்லை. 60,000 ரூபாய் கொடுத்தால் கம்ப்யூட்டரில் அடுத்த தரமான பி.எஸ். 4 என்று மாற்றித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். வண்டி நான்கு மாதமாக நிற்கிறது, தவணை நிற்கவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 60,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் தேதிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் வண்டி முறையான வண்டியாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியின் ஆவணத்தைப் பணம் கொடுத்துப் போலியாக்கிக்கொள்வதைப் போன்ற நஷ்டம் வேறொன்றும் இல்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் பாதி சரி. 29-3-2017 அன்று உச்ச நீதிமன்றம், அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வாகனங்களை விற்கவும் கூடாது, பதிவு செய்யவும் கூடாது என்று ஆணையிட்டது. அன்றைய நிலவரப்படி நாடு முழுவதும் விற்காமல் தேங்கி நின்றவை 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள். அவற்றுள் லாரி, பஸ் போன்ற வணிக வாகனங்கள் மட்டும் ஏறக்குறைய 96,000. ஆணையின் இந்தப் பாதி எல்லோருக்கும் மனப்பாடம். அதே ஆணையில், மார்ச் 31 அன்றோ அதற்கு முன்போ விற்கப்பட்டது என்பதற்குச் சான்று இருந்தால் அந்த வண்டியைப் பிறகும் பதிவு செய்யலாம் என்று சொல்லப்பட்டிருக்கும் மறுபாதி, கவுன்டர்களில் இருப்பவர்களின் நினைவுக்கு ஏனோ வருவதில்லை. ஆகவே உங்கள் விவகாரத்தில் கேட்கப்பட வேண்டிய ஒரே கேள்வி, சேசிஸ், அதாவது பாடி கட்டாத வண்டி, என்றைக்கு விற்கப்பட்டது என்பதுதான்.

கார், பைக் வாங்குபவர்களுக்கு விற்பனைக்கும் பதிவுக்கும் இடையே சில நாள்களே இருக்கும். லாரிக்கு அப்படியில்லை என்பதை இரண்டு லாரி வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கோப்பைப் பார்க்கும் புதிய எழுத்தருக்குச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஷோரூமில் வாங்குவது பெரும்பாலும் வெறும் சேசிஸ். அதைத் தற்காலிகப் பதிவோடு பாடி கட்டும் பட்டறைக்கு ஓட்டிச் சென்று, வரிசையில் காத்திருந்து, பாடி கட்டி, பெயின்ட் அடித்து, மோட்டார் வாகன ஆய்வாளரிடம், நம் ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம், காட்டித் தகுதிச் சான்றான எஃப்.சி. வாங்கிய பிறகுதான் நிரந்தரப் பதிவு. மார்ச்சில் வாங்கிய சேசிஸ் ஜூனில் பதிவாவது தொழிலில் இயல்பு. அன்றைய மோட்டார் வாகனச் சட்டத்தின் 43-ஆவது பிரிவும் இதை ஏற்றுக்கொண்டிருந்தது: தற்காலிகப் பதிவு ஒரு மாதத்துக்குத்தான் என்றாலும், பாடி பொருத்துவதற்காகப் பட்டறையில் நிற்கும் சேசிஸுக்கு மட்டும் கட்டணம் கட்டிக் காலத்தை நீட்டித்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. உங்கள் வண்டி இந்த வழியாக வந்திருந்தால், மார்ச் மாதத் தற்காலிகப் பதிவும், ஏப்ரல், மே மாதங்களுக்கான நீட்டிப்புக் கட்டண ரசீதுகளும் முதல் பதிவு அலுவலகத்தின் கோப்பில் இருந்தாக வேண்டும். அந்த ரசீதுகளைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குத் தேவையில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. 31-ஆம் தேதி முன்பணம் கட்டிப் பதிந்து வைத்தேன், சேசிஸ் ஏப்ரலில் வந்தது என்றால் அது விற்பனை ஆகாது. முன்பண ரசீதைக் காட்டி யாரும் இதுவரை எண் வாங்கியதை நான் பார்த்ததில்லை.

இப்போது ஆர்.சி.யைக் கையில் எடுங்கள். உற்பத்தி மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். 01/2017, 02/2017 என்றோ அதற்கு முந்தையதாகவோ இருந்தால் மேற்கொண்டு போகலாம். 05/2017 என்று இருந்து தரம் பி.எஸ். 3 என்றும் இருந்தால், பதிவேட்டில் பிழை இருக்கிறது அல்லது உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எஞ்சினைத் திறந்து பார்த்தும், ஆட்ப்ளூ (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) டேங்க் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தும் தரத்தைத் தீர்மானிக்கும் பட்டறை வித்துவான்களை நம்ப வேண்டாம். ஆட்ப்ளூ இல்லாமலே, புகையை மறுசுழற்சி செய்யும் முறையில் பி.எஸ். 4 தரத்தை எட்டிய லாரிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஷோரூம் மூடப்பட்டது உங்களைக் கலங்கடித்திருக்கிறது. அது அவ்வளவு பெரிய தடை அல்ல. முதல் பதிவின்போது கொடுக்கப்பட்ட விற்பனைச் சான்றான படிவம் 21, உற்பத்தியாளரின் தகுதிச் சான்றான படிவம் 22, பாடி கட்டியவர் கொடுத்த படிவம் 22-ஏ, இன்வாய்ஸ், இன்சூரன்ஸ் நகல் எல்லாமே அந்தப் பக்கத்து மாநில அலுவலகத்தின் கோப்பில் இருக்கும். அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணையும் குறிப்பிட்டு, முதல் பதிவுக் கோப்பு முழுவதற்கும் சான்றளிக்கப்பட்ட நகல் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பக்கங்களுக்கான நகல் செலவு தனி. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் அங்கேயே முதல் மேல்முறையீடு. ஏஜென்ட் 60,000 ரூபாய்க்குச் செய்யாத வேலையை 10 ரூபாய் விண்ணப்பம் செய்யும். இதற்கிடையே முதல் உரிமையாளரைத் தேடிப் பிடித்து, அவர் பைனான்ஸ் வாங்கியிருந்தால் அந்தக் கடன் கணக்கின் அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். சேசிஸ் தொகை ஷோரூமுக்குப் போன தேதி அதில் இருக்கும், அதை யாரும் பின்தேதியிட முடியாது.

நகல்கள் கைக்கு வந்ததும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது 1-7-2017-இல். மார்ச் மாதத்தில் போட்ட உண்மையான இன்வாய்ஸில் வாட் வரிதான் இருக்கும். மார்ச் 2017 இன்சூரன்ஸ் பாலிசியில் சேவை வரி, தூய்மை இந்தியா வரி, வேளாண் நல வரி எல்லாம் சேர்த்து 15 சதவீதம் போட்டிருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒருவர் கொண்டுவந்த இன்வாய்ஸில் தேதி 28-3-2017 என்று அழகாக அச்சாகியிருந்தது, ஷோரூம் முத்திரையும் கையெழுத்தும் கச்சிதமாக இருந்தன. தலைப்பில் மட்டும் பதினைந்து எழுத்தில் ஜி.எஸ்.டி. எண் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பிறக்கப்போகும் வரியின் எண்ணை முன்கூட்டியே அச்சடித்த அந்தக் காகிதத்துக்கு அவர் ஓர் இடைத்தரகருக்கு 35,000 ரூபாய் கொடுத்திருந்தார். அதை நான் அவர் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டியபோது, "தேதியைத்தானே சார் பார்ப்பாங்க" என்றார்.

இனி அந்த 60,000 ரூபாய்க்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் மாசுத் தரத்தை மாற்றுவது ஒருவகையில் நடக்கக்கூடிய காரியம்தான் என்பது இந்த அமைப்பைப் பற்றி நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று. ஆனால் மாற்றிய மறுநாள் என்ன ஆகும் என்பதை ஏஜென்ட் சொல்வதில்லை. டீசல் வண்டியின் புகைப் பரிசோதனையில் பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிகளுக்கு அனுமதிக்கப்பட்ட புகை அளவு 2.45, பி.எஸ். 4 வண்டிக்கு 1.62. பி.எஸ். 3 எஞ்சின் பி.எஸ். 4 என்ற பெயரில் போய் நின்றால், நல்ல நிலையில் பராமரித்த எஞ்சின்கூட அந்த 1.62-க்குள் அடங்காமல் போகலாம். பிறகு புகைச் சான்று வாங்க ஒரு லஞ்சம், எஃப்.சி.க்கு ஒரு லஞ்சம் என்று ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது சட்டத்தின் 55-ஆவது பிரிவு. பொய்யான ஆவணத்தின் பேரில் பெற்ற பதிவு என்று பின்னொரு நாள் தெரியவந்தால், விளக்கம் கேட்டுவிட்டுப் பதிவையே ரத்து செய்ய அலுவலருக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. அன்றைக்கு ஏஜென்டின் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

உங்கள் அலுவலகத்துக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்காமல் தேங்கிய பி.எஸ். 3 லாரிகளை இரும்புக் கழிவு என்று வாங்கி, தொலைதூர மாநிலம் ஒன்றில் போலி ஆவணங்களோடு பி.எஸ். 4 என்று பதிவு செய்து, அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கித் தெற்கே கொண்டுவந்ததாக ஆந்திரத்தில் 2020-இல் பெரிய வழக்கு எழுந்தது. அதன் பிறகு என்.ஓ.சி.யோடு வரும் 2017-ஆம் ஆண்டு லாரி என்றாலே அலுவலகங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. பயம் நியாயமானது. பயந்த அலுவலர் செய்ய வேண்டியது முதல் பதிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கோப்பைச் சரிபார்ப்பது. நாடு முழுவதும் ஒரே கணினிப் பதிவேடு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, பக்கத்து மாநிலக் கோப்பைச் சரிபார்க்க வண்டி உரிமையாளரையே அலையவிடுவது என்ன நிர்வாகம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆகவே வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். புதிய எண்ணுக்கான விண்ணப்பமான படிவம் 27, என்.ஓ.சி., சான்றளிக்கப்பட்ட கோப்பு நகல் ஆகியவற்றோடு, விற்பனைத் தேதி எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டும் ஒரு பக்கக் கடிதத்தையும் வைத்து, ஒப்புகை பெற்றுக்கொண்டு விண்ணப்பியுங்கள். கடிதத்தில் உச்ச நீதிமன்ற ஆணையின் தேதியையும், மார்ச் 31 வரை விற்றவற்றுக்கான விலக்கையும் இரண்டே வரியில் குறிப்பிட்டால் போதும், நீட்டி முழக்கினால் படிக்க மாட்டார்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். எழுத்தில் வந்தால், 57-ஆவது பிரிவின்படி 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் தராத மறுப்பின் மீது மேல்முறையீடு கிடையாது என்பதால்தான் வாயால் மட்டும் மறுக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். எழுதிக் கேட்ட பிறகு பல கோப்புகள் மேல்முறையீடு வரை போகாமலே நகர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

"அதுவரை பழைய எண்ணிலேயே லோடு அடியுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என்.ஓ.சி. வாங்கும்போது பெர்மிட்டை ஒப்படைத்திருந்தால், இப்போது சரக்கு ஏற்றுவது பெர்மிட் இல்லாமல் ஓட்டுவதாகும். அதற்கு முதல் முறையே 10,000 ரூபாய் அபராதத்தோடு சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

2020-ஆம் ஆண்டு பி.எஸ். 4 லாரி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். அங்கே எல்லைத் தேதி 31-3-2020. விற்பனை விவரம் அப்போதே அரசின் கணினிப் பதிவேடான வாகன் தளத்தில் ஏற்றப்பட்டிருந்ததா என்பதையும் 13-8-2020 ஆணை பார்க்கச் சொல்கிறது. டெல்லி வட்டாரத்திலிருந்து வாங்கிய பழைய டீசல் வண்டிகளுக்கு முற்றிலும் வேறு சட்டம்.

கோப்பு நகல் வந்து, அதில் விற்பனைத் தேதி ஏப்ரல் மாதம் என்று இருந்துவிட்டால் எந்த அலுவலகமும் உங்களுக்கு எண் தர முடியாது. அந்த நிலை வந்தால், வாங்கும்போது போட்ட ஒப்பந்தம், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், என்.ஓ.சி. ஆகியவற்றோடு விற்றவர் மீது வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிக் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். "உதிரியாக உடைத்து விற்றுவிட்டால் பாதிப் பணம் தேறும்" என்று அதே ஏஜென்ட் மறுபடியும் வருவார். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொறித்த அந்த வண்டிதான் உங்கள் முதல் சாட்சி என்பதால், புகார் முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.