பைரிக்கு மூச்சு முட்டாதா?

கேள்வி: பைரி என்ற வேட்டைப் பறவை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்கிறார்களே, நிஜமா? அவ்வளவு காற்றில் மூச்சு முட்டாதா? அப்புறம், நியூயார்க் மாதிரி நகரத்தில் போய் ஏன் கூடு வைக்கிறது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நிஜம்தான், ஆனால் எப்போதும் இல்லை. உயரத்தில் வட்டமடிக்கும்போது கீழே ஒரு புறா கண்ணில் பட்டால், இறக்கையை உடம்போடு ஒட்ட மடக்கிக்கொண்டு தலைகீழாகப் பாயும் பாருங்கள், அப்போதுதான் 300-ஐத் தாண்டும். மூக்குத் துவாரத்துக்குள் குமிழ் மாதிரி சின்ன எலும்பு ஒன்று இருக்கிறது. சீறி வரும் காற்றை அது மட்டுப்படுத்துகிறது என்கிறார்கள். காலால் அடித்த அடியில் புறா சாகவில்லை என்றால் கழுத்தைக் கடித்து முடித்துவிடும். அதற்கென்றே மேல் அலகின் ஓரத்தில் பல் போல ஒரு முனை!

கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. பாறை விளிம்பில் சரளையைக் கீறிக் குழியாக்கி 3, 4 முட்டை இடும், அவ்வளவுதான். உயரமான கட்டடமும் பாலமும் அதற்குப் பாறைதான், புறாவுக்கும் அங்கே பஞ்சமில்லை.

ஆனால் 1960களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பைரி அடியோடு அழிந்தே போனது. காரணம் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி. பூச்சியைத் தின்ற குருவி, குருவியைத் தின்ற பைரி என்று விஷம் ஏறிக்கொண்டே போய், முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியது. 1972-ல்தான் அங்கே தடை வந்தது, ரொம்பவே தாமதம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பறவையியலாளர் டாம் கேட் குழுவினர் கூண்டில் வளர்த்த குஞ்சுகளை வெளியே விட, இனம் மெல்லத் தலையெடுத்து, 1999-ல் அழியும் உயிரினங்கள் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள்.