ஸ்பிரிங்கைப் பார்க்காதீர்கள், பல்லை எண்ணுங்கள்

சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: சேலத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், எடை 68 கிலோ. கையில் 18,000 ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏற வேண்டும், மற்ற நாட்களில் கல்லூரிக்கும் ஏரிக்கரை மண்பாதைக்கும். ஆன்லைனில் ஒரு மவுண்டன் பைக் பார்த்தேன்: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், இரட்டை டிஸ்க், 21 கியர். ஊர்க் கடையில் இன்னொன்று: முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், வி பிரேக், பார்க்க ரொம்பச் சாது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். நண்பர்கள் எல்லாரும் முதலாவதை வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
(கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: இரண்டாவதை, தம்பி. நண்பர்கள் போட்டோ எடுக்கத்தான் முதலாவதைச் சொல்கிறார்கள், மிதிக்கப் போவது நீங்கள்.

பின்பக்க சஸ்பென்ஷன் கெட்ட விஷயம் இல்லை. உருப்படியாக வேலை செய்கிற பின் ஷாக் உள்ள சைக்கிளின் விலை இதைவிடப் பல மடங்கு. 18,000 ரூபாயில் அந்த இடத்தில் இருப்பது வெறும் கம்பிச் சுருள். அமுங்கினால் அதை அடக்கி மெதுவாகத் திரும்ப விடுகிற ஏற்பாடு எதுவும் உள்ளே இருக்காது. மேட்டில் ஒவ்வொரு மிதிக்கும் சீட்டு கீழே போய் மேலே வரும், உங்கள் கால் போடுகிற உழைப்பில் ஒரு பங்கு அந்தச் சுருளை அமுக்குவதிலேயே போய்விடும். கூடவே இரண்டு மூன்று கிலோ கூடுதல் இரும்பு, ஃபிரேம் மடங்குகிற இடத்தில் புஷ், அந்தப் புஷ் ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் ஆட ஆரம்பித்தால் அதே அளவில் வேறு கிடைப்பதும் சந்தேகம்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். மவுண்டன் பைக் என்ற ஒன்று பிறந்ததே அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1970-களில். பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலை மேலே கொண்டுபோய், மண்பாதையில் கீழே விட்டுப் பந்தயம் வைத்தார்கள், 1976-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்குப் பெயர் ரீபேக். அந்தச் சைக்கிள்களில் இருந்தது பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு இறக்கம் முடிவதற்குள் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) சூடாகிக் கிரீஸ் எல்லாம் புகைந்துவிடும், திரும்பக் கிரீஸ் வைத்து அடைத்தால்தான் அடுத்த ஓட்டம், அதனால்தான் அந்தப் பெயர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்று பெரிய அளவில் செய்து விற்க ஆரம்பித்ததே, அதிலும் ஷாக் கிடையாது. முன்பக்க ஷாக் பரவலானதே 90-களில்தான். ஸ்பிரிங் இல்லாமலே பத்துப் பதினைந்து வருடம் மலைகளில் உருண்ட வண்டி இது. ஏரிக்கரைக்கு முன்பக்க ஷாக் ஒன்றே தாராளம்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, முழுக்கத் தார் ரோடு. அங்கே உங்களைக் காப்பாற்றப் போவது கியரின் எண்ணிக்கை இல்லை, கடைசிக் கியர் எவ்வளவு லேசானது என்பதுதான். கடைக்குப் போனதும் குனிந்து உட்கார்ந்து பல்லை எண்ணுங்கள். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரங்களில் மிகச் சின்னதில் எத்தனை பல், பின்னால் இருக்கும் பல்சக்கரங்களில் மிகப் பெரியதில் எத்தனை பல். முன்னால் 24, பின்னால் 34 என்றால் ஒரு முழு மிதிக்கு வண்டி சுமார் ஒன்றரை மீட்டர் நகரும், மூச்சு வாங்கினாலும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். சில 21 கியர் சைக்கிள்களில் முன்னால் சின்னதே 28 பல், பின்னால் பெரியதும் 28 பல்; அதுவும் 21 கியர்தான், ஆனால் ஏறும்போது தெரியும் வித்தியாசம். இப்போது முன்னால் ஒரே பல்சக்கரம் வைத்த 'ஒன் பை' சைக்கிள்கள் குறைந்த விலையிலும் வருகின்றன, பார்க்க அழகு, ஆனால் முன்னால் 38, பின்னால் 34 என்று போட்டிருந்தால் ஒரு மிதிக்கு இரண்டரை மீட்டர் நெருங்குகிறது. சமவெளிக்குப் பிரமாதம். ஏற்காட்டில் பாதி வளைவு தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஒன் பைதான் வேண்டும் என்றால் முன்னால் 32, பின்னால் 42 இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

பல்லை எண்ணுகிற சாக்கில் பின் சக்கரத்தின் மிகச் சின்னப் பல்சக்கரத்தையும் எண்ணிவிடுங்கள். 14 பல் என்றால் அது பெரும்பாலும் மரையில் திருகிய பழைய மாதிரி ஃப்ரீவீல். 11 அல்லது 12 என்றால் பெரும்பாலும் கேசட், அதாவது ஹப்பின் மேல் செருகி மாட்டுகிற பல்சக்கரக் கட்டு. இது ஏன் முக்கியம் என்றால், ஃப்ரீவீல் ஹப்பில் வலதுபக்கப் பால்ஸ் (பேரிங் குண்டுகள்) ரொம்ப உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும், அதற்கு வெளியே ஆக்சில் கணிசமான நீளம் தாங்கல் இல்லாமல் நிற்கும், பள்ளத்தில் விழுந்து விழுந்து அது வளையும், ஒருநாள் முறியும். கேசட் ஹப்பில் பால்ஸ் ஃபிரேமை ஒட்டி வெளியே இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உங்கள் எடைக்கும் மண்பாதைக்கும் ஃப்ரீவீலும் ஓடும், குதிக்காமல் ஓட்டினால். ஆனால் ஒரே விலையில் இரண்டு சைக்கிள் இருந்து ஒன்றில் கேசட் இருந்தால் ஸ்டிக்கர், கலர் எதையும் பார்க்காமல் அதை எடுங்கள். என்னைக் கேட்டால் இந்த விலையில் ஷாக்கை விட ஹப் முக்கியம்.

பிரேக் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நீண்ட இறக்கத்திலும் மழையிலும் டிஸ்க்தான் நல்லது. ஆனால் பெயரே இல்லாத கேபிள் டிஸ்க்கை விட, ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் கவ்வுகிற நல்ல வி பிரேக் நன்றாகப் பிடிக்கும், அந்தக் கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும், மாற்ற பத்து நிமிடம். டிஸ்க் என்றால் ஷிமானோ, டெக்ட்ரோ மாதிரி பெயர் தெரிந்ததாக இருக்கட்டும். இந்த விலையில் ஆயில் டிஸ்க் அரிது, பழைய ஸ்டாக்கில் கிடைத்தால் விடாதீர்கள். புது டிஸ்க் முதல் நாளே சரியாகப் பிடிக்காது. சமமான ரோட்டில் ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் இறுகாமல் படிப்படியாகப் பிடித்து, இதை இருபது தடவை செய்தால் பேடு டிஸ்க்கில் படிந்துவிடும். அதற்கு முன்னால் ஏற்காடு இறங்கக் கூடாது. இறங்கும்போது, எந்தப் பிரேக்காக இருந்தாலும், கீழே வரை தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, அப்புறம் விட்டுவிடுங்கள், ரிம்மும் டிஸ்க்கும் ஆறட்டும்.

முழு 18,000-ஐயும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஹெல்மெட், பம்பு, பஞ்சர் சாமான், பூட்டு, பின்விளக்கு என்று மூவாயிரம் போய்விடும், எனவே சைக்கிளுக்கு 15,000 என்று மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள். ஊர்க் கடையில் வாங்குவதில் இன்னொரு லாபம், ஒரு மாதம் ஓட்டியதும் கம்பிகள் தளரும், கோட்டம் எடுக்க வேண்டும், கேபிள் நீளும், அதையெல்லாம் வாங்கிய கடையிலேயே பெரும்பாலும் காசு வாங்காமல் செய்து தருவார்கள், வாங்குவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆன்லைன் பெட்டியில் வருவது பாதி மாட்டிய சைக்கிள். ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டி ஓட்டுகிறவர்களை நான் ரோட்டில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும் என்று தெரியாமல் ஸ்பேனரைப் போட்டு அழுத்தி, கிராங்க்கின் மரையையே சாகடித்தவர்கள் அதைவிட அதிகம்.

உங்கள் உயரத்துக்கு 17 அல்லது 18 அங்குல ஃபிரேம். இரண்டு காலையும் ஊன்றி நின்றால் மேல் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

கேள்வி: குன்னூரில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு. தெரிந்த ஒருவர் மூன்று வருடம் ஓட்டிய நல்ல பிராண்ட் சைக்கிளை 14,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். 29 அங்குல வீல். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பழசு வாங்கலாமா, இல்லை கொஞ்சம் பொறுத்துப் புதிதே வாங்கவா?
(வாசகி, குன்னூர்)

பதில்: பழசு வாங்கலாம், இந்தப் பணத்துக்குப் புதிதில் கிடைக்காத கியரும் பிரேக்கும் பழசில் கிடைக்கும். ஆனால் அளவு சரியில்லை என்றால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம். உங்கள் உயரத்துக்கு 15 அல்லது 16 அங்குல ஃபிரேம், 27.5 வீல் வசதி. 29-இலும் சின்ன ஃபிரேம் இருக்கிறது, ஏறி உட்கார்ந்து, தோட்டத்துச் சரிவில் சட்டென்று கால் ஊன்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு ஸ்கேலும் பழந்துணியும் கொண்டு போங்கள். துணியால் ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தையும் பெடல் அச்சைச் சுற்றியும் துடைத்து, பெயின்டில் முடி மாதிரி விரிசல் கோடு தெரிகிறதா பாருங்கள். அலுமினிய ஃபிரேமில் விரிசல் இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம், பற்றவைத்துத் தருகிறேன் என்பார்கள், நம்ப வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் டொக் டொக் என்றால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்) தளர்ந்திருக்கிறது, அது சின்னச் செலவு. ஷாக்கின் பளபளப்பான குழாயில் துரு இருந்தால் பெரிய செலவு, உங்கள் ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் வரும். செயினை ஸ்கேலால் அளந்து பாருங்கள்: ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து, அதற்கு அடுத்த பின்னை ஒன்று என்று எண்ணிக்கொண்டு போனால், 24-ஆவது பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பன்னிரண்டைத் தாண்டி எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பின்பக்கப் பல்சக்கரமும் போயிற்று, அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் பில். வண்டியைத் தலைகீழாகத் திருப்பினால் பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் நம்பர் இருக்கும், அது பில்லில் இருக்கிறதா என்று பார்ப்பதில் சங்கடமே படாதீர்கள், தெரிந்தவராகவே இருக்கட்டும்.

கேள்வி: பையனுக்கு 13 வயது. நான்கு அங்குல டயர் வைத்த ஃபேட் பைக்தான் வேண்டும் என்று அடம். வாங்கித் தரலாமா?
(ஒரு தந்தை, திருநெல்வேலி)

பதில்: அந்த டயர் பனியிலும் தளர்ந்த மணலிலும் புதையாமல் உருள்வதற்காக வந்தது. திருநெல்வேலித் தார் ரோட்டில் 18 கிலோ வண்டியை அந்த டயரோடு மிதிக்க வைத்தால் ஒரு மாதத்தில் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். டியூப், டயர் விலையும் அதிகம், பக்கத்துக் கடையில் கிடைக்காது. நண்பன் யாரிடமாவது ஒன்று இருந்தால் பாளையங்கோட்டை வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள், அடம் தானாகக் குறையும்.

கேள்வி: எங்கள் பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம். வாரம் ஒரு பஞ்சர். டியூப்லெஸ் ஆக்கச் சொல்கிறார்கள், அதற்கு என்னிடம் பணம் இல்லை.
(வாசகர், இராமநாதபுரம்)

பதில்: விலை குறைந்த ரிம்மில் டியூப்லெஸ் சரியாக உட்காராது, விட்டுவிடுங்கள். மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு உள்ள டியூபாக இருந்தால் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றி சீலன்ட் திரவத்தை ஊற்றலாம், சின்ன முள் ஓட்டைகளை அது தானே அடைத்துவிடும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே போடும் லைனர் பட்டையும் கிடைக்கிறது, எடை கூடும், ஆனால் உங்கள் ஊருக்கு அது தேவைதான். காற்றை ரொம்பக் குறைத்து ஓட்டாதீர்கள், தாரில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. இருக்கட்டும். அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சர் ஆகிறது என்றால் முறிந்த முள்நுனி இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். டியூபைக் கழற்றியதும் டயரின் உள்பக்கம் ஒரு துணியை ஒரு சுற்று ஓட்டுங்கள், நுனி இருக்கும் இடத்தில் துணி மாட்டும், குறடால் பிடுங்கிவிட்டு அப்புறம் டியூபைப் போடுங்கள்.