உயரம் இருக்கிறது, கோல் எங்கே?

சென்ற இதழில், வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் ஆடும் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் இளம் ஃபார்வர்டு யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியைப் பற்றி, இவரைப் புள்ளிக் கணக்கை (கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிசெய்த பாஸான அசிஸ்டுக்கு ஒன்று) மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அவர்தான், நடுவில் ஒரு அப்பாவின் கேள்வியும் இருக்கிறது.

கேள்வி: டிராஃப்டில் (அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் முதல் சீசனில் 39 ஆட்டத்தில் 4 கோல், 6 அசிஸ்ட். இதற்கா முதல் இடம்? ஷேன் ரைட்டை விட்டது தப்பு என்று அன்றைக்கே எல்லோரும் சொன்னார்களே?

எல்லோரும் சொல்லவில்லை, பாதிப் பேர் சொன்னார்கள். 2022 ஜூலையில் அந்த டிராஃப்ட் மான்ட்ரியலிலேயே நடந்தது, பல மாதங்களாக ரைட்தான் முதல் இடம் என்று பேசிக்கொண்டிருந்த ரசிகர்கள் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் முன்னால் ஒரு ஸ்லோவாக்கியப் பையனின் பெயரைச் சொன்னால் முணுமுணுப்பு வராமல் என்ன செய்யும். ரைட் நான்காவது ஆளாக சியாட்டிலுக்குப் போனார்.

ஆனால் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் பெயர் எப்படி மேலே ஏறியது என்பதைப் பார்த்தால் அந்த 10 புள்ளி அவ்வளவு அதிர்ச்சியாக இருக்காது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 17 வயதில் 7 கோல் போட்டு, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் வாங்கினார், ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம். அந்த ஒலிம்பிக்கில் என்ஹெச்எல் ஆட்டக்காரர்கள் யாரும் ஆடவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அதே சீசனில் ஃபின்லாந்து லீகில் டிபிஎஸ் அணிக்காக அவர் ஆடியது 31 ஆட்டம், எடுத்தது 5 கோல், 5 அசிஸ்ட். அதாவது பெரியவர்கள் ஆடும் லீகில், வாராவாரம் நடக்கும் ஆட்டத்தில், அவர் அப்போதே பாதி செதுக்கிய சிலைதான். மான்ட்ரியல் வாங்கியது 6 அடி 3 அங்குல உடம்பையும், அந்த உடம்புக்குப் பொருந்தாத அளவு மென்மையான கைகளையும். தயாரான கோல் இயந்திரத்தை வாங்கியதாக ரசிகர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதோடு 2023 ஜனவரியில் முழங்காலில் அடிபட்டு அந்த சீசனே பாதியில் முடிந்துபோனது.

முதல் சீசனை வைத்துத் தீர்ப்பு சொல்வதென்றால் ஜாக் ஹியூஸையும் கழித்துவிட வேண்டியதுதான். 2019இல் முதல் இடம், முதல் சீசனில் 61 ஆட்டத்தில் 21 புள்ளி, நான்காவது சீசனில் 99 புள்ளி. ஜோ தார்ன்டன் இன்னும் மோசம், 55 ஆட்டத்தில் 7 புள்ளி; அவர்தான் 2005-06இல் 125 புள்ளி எடுத்து லீகிலேயே முதலாக நின்றார். அதற்காக மெதுவாகத் தொடங்குகிறவர்கள் எல்லாம் மேலே வந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, வராதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். தலைகீழாகவும் நடக்கும். 2012இல் முதல் இடத்தில் போன நேல் யாகுபோவ் முதல் சீசனிலேயே 48 ஆட்டத்தில் 17 கோல் போட்டார், அப்புறம் எந்த என்ஹெச்எல் சீசனிலும் அந்த 17ஐ அவர் எட்டவே இல்லை.

கேள்வி: முதல் வருடம் அவரை ஏஹெச்எல்லுக்கு (என்ஹெச்எல்லுக்கு ஒரு படி கீழே உள்ள லீக்) அனுப்பி, நிதானமாக வளர்த்திருக்கக் கூடாதா?

கூடும். விதியும் தடுக்கவில்லை. கனடாவின் ஜூனியர் லீக்குகளிலிருந்து எடுக்கப்பட்ட பையன் என்றால் அந்த நாளைய ஒப்பந்தப்படி 20 வயது ஆகும்வரை ஒன்று என்ஹெச்எல், இல்லாவிட்டால் திரும்ப ஜூனியர், நடுவில் ஏஹெச்எல் என்ற படியே கிடையாது. ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஐரோப்பாவிலிருந்து எடுக்கப்பட்டவர், அவரை மான்ட்ரியலின் ஏஹெச்எல் அணியான லவால் ராக்கெட்டுக்குத் தாராளமாக அனுப்பியிருக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், முதல் மூன்று மாதம் லவாலில் ஆடியிருந்தால் நல்லது. மேலே அவருக்கு ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 12 நிமிடம்தான் கிடைத்தது, அதிலும் மூன்றாவது நான்காவது லைன் ஆட்கள் பக்கத்தில். (லைன் என்றால் சேர்ந்து களம் இறங்கும் மூன்று ஃபார்வர்டுகள், முதல் லைனில்தான் சிறந்தவர்கள்.) தாக்குதல் ஆட்டம் என்பது பக்கை (பந்துக்குப் பதிலாக வரும் ரப்பர் வட்டு) தொட்டுத் தொட்டு வளர்கிற விஷயம். லவாலில் என்றால் 20 நிமிடம், பவர் பிளேயில் (எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) முதல் அணி, தப்பு செய்தால் அடுத்த ஷிஃப்டிலேயே, அதாவது அடுத்த முறை களம் இறங்கும்போதே, சரி செய்ய இன்னொரு வாய்ப்பு. ஆனால் மான்ட்ரியலில் அப்போது பயிற்சியாளராக இருந்தவர் மார்ட்டின் செயின்ட் லூயி. டிராஃப்டில் யாருமே எடுக்காத, 5 அடி 8 அங்குல ஆள், பின்னால் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனவர். பையன் தினமும் தன் கண்முன் இருக்கட்டும் என்று அவர் நினைத்திருந்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: இரண்டாவது சீசனில் திடீரென்று 20 கோல், 30 அசிஸ்ட். என்னதான் மாறியது? லைன் மாற்றியதால் மட்டும்தானா?

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். லைன் மாற்றம் பெரிய காரணம், அதை மறைக்க முடியாது. 2023-24 சீசனின் தொடக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்தவரை நிக் சுஸுகி, கோல் காஃபீல்டு இருவரோடும் சேர்த்தார்கள். சுஸுகி பாஸ் கொடுக்கிறவர், காஃபீல்டு ஷாட் அடிக்கிறவர், இருவரும் உயரத்தில் குறைவு. மூலையில் போய், களத்தைச் சுற்றியுள்ள தடுப்பான போர்டோடு மல்லுக்கட்டிப் பக்கைப் பிடுங்கிக்கொண்டு வர ஆள் இல்லை, கோலிக்கு (கோல்கீப்பர்) முன்னால் மறைத்துக்கொண்டு நிற்கவும் ஆள் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது, ஸ்லாஃப்கோவ்ஸ்கி அதில் போய் உட்கார்ந்தார். வேலை எளிமையானதும் ஆட்டமும் தெளிந்துவிட்டது. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்ற பாரம் இறங்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் லைன் மாற்றினால் எல்லோரும் தேறிவிடுவதில்லை. அவர் ஆட்டத்திலேயே மாறிய விஷயங்கள் உண்டு. முதல் சீசன் வீடியோவை எடுத்துப் பாருங்கள், போர்டு ஓரம் நின்ற இடத்திலேயே நின்று பக்கை வாங்குவார், வாங்கியதும் சைக்கிள் பழகும் பிள்ளை முன்சக்கரத்தையே பார்ப்பது மாதிரி குனிந்து ஸ்டிக் நுனியைப் பார்ப்பார், நிமிர்வதற்குள் எதிரணி டிஃபென்ஸ்மேன் வந்து மோதிவிடுவார். உடம்பு பெரிது என்பதால் எதிராளிக்கு இலக்கும் பெரிது. இரண்டாவது சீசனின் பிற்பாதியில் பக் வருவதற்கு முன்பே கால் நகர ஆரம்பித்துவிடுகிறது, ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிடுகிறார், பக் வந்ததும் இடுப்பை எதிராளிக்கும் பக்குக்கும் நடுவில் வைத்துவிடுகிறார். 100 கிலோ ஆள் அப்படிச் சுற்றி வளைத்து நின்றால் பின்னாலிருந்து எட்டி எடுப்பது லேசில்லை. அந்த இரண்டு மூன்று விநாடியில் காஃபீல்டு எங்காவது காலி இடத்துக்கு நழுவிவிடுவார்.

இன்னொன்று, எதிரணி எல்லை தொடங்கும் நீலக் கோட்டைக் கடக்கும் விதம். பக்கை ஸ்டிக்கில் வைத்துக்கொண்டே எதிரணி எல்லைக்குள் நுழைந்தால், உள்ளே தட்டிவிட்டுத் துரத்துவதைவிடச் சுமார் இரண்டு மடங்கு ஷாட் கிடைக்கிறது என்று எரிக் டல்ஸ்கி முன்பே எண்ணிக் காட்டியிருக்கிறார். (வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய மனிதர், பொழுதுபோக்காக ஹாக்கி கணக்குப் போட ஆரம்பித்து 2024இல் கரோலினா அணியின் பொது மேலாளரே ஆகிவிட்டார். கணக்குப் போடுகிறவர்களைக் கிண்டல் செய்யும் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.) ஸ்லாஃப்கோவ்ஸ்கி முன்பெல்லாம் கோட்டுக்கு அருகில் தயங்கித் தட்டிவிடுவார். பிறகு, எதிராளி பின்வாங்கினால் எடுத்துக்கொண்டு போவது, நெருங்கி வந்தால் நடுவில் வரும் சுஸுகிக்குத் தள்ளிவிட்டு நேராக வலையை நோக்கி ஓடுவது என்று பழகிக்கொண்டார். அப்படி ஓடினாலே ஒரு டிஃபென்ஸ்மேன் அவரோடு போயாக வேண்டும், பின்னால் இடம் திறக்கும். இந்த ஓட்டத்துக்குப் புள்ளிக் கணக்கில் ஒன்றும் ஏறாது.

2024 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக முதல் ஹாட்ரிக் போட்டபோது எல்லோரும் திடீர் மாற்றம் என்றார்கள். வலைக்கு முன்னால் போய் நிற்க ஆரம்பித்து அப்போதே சில மாதம் ஆகியிருந்தது.

கேள்வி: ஒரு கோலுக்கு இரண்டு பேருக்கு அசிஸ்ட் கொடுப்பது அநியாயம் இல்லையா?

கடைசிப் பாஸுக்கு முந்தைய பாஸ்தான் பல நேரம் கதவைத் திறக்கிறது. ஆனால் சும்மா தொட்டவருக்கும் கிடைத்துவிடுகிறது, அதனால் இளம் ஆட்டக்காரர்களை ஒப்பிடும்போது நான் கோலையும் முதல் அசிஸ்டையும் மட்டும் கூட்டிப் பார்ப்பேன்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, லெஃப்ட் விங். ஸ்கேட்டிங்கில் அணியிலேயே வேகம், ஆனால் கோல் வருவதில்லை. ஷூட்டிங்குக்குத் தனிப் பயிற்சி வைக்கலாமா?

வையுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அதற்கு முன் ஓர் ஆட்டத்தை வேறு மாதிரிப் பாருங்கள். கோலை விடுங்கள். பக் எதிர் மூலையில் இருக்கும்போது உங்கள் மகன் எங்கே நிற்கிறான்? வேகமான பையன்கள் எல்லோருமே பக்கைத் துரத்திக்கொண்டு அதே மூலைக்கு ஓடிவிடுவார்கள், அங்கே ஏற்கெனவே நாலு பேர் இருப்பார்கள். கோல் விழுவது வலைக்கு முன்னால் உள்ள நடுப்பகுதியில். அந்த இடத்துக்குத் தாமதமாக, யாரும் கவனிக்காத நேரத்தில் போய்ச் சேரத் தெரிந்தால் ஷாட் சுமாராக இருந்தாலும் கோல் விழும். பக்கை வாங்குவதற்கு முன் தலையைத் திருப்பி ஒரு முறை சுற்றிப் பார்க்கிறானா என்பதையும் கவனியுங்கள். இதற்கெல்லாம் சிறிய இடத்தில் மூன்று பேருக்கு மூன்று பேர் என்று ஆடும் பயிற்சிதான் மருந்து, கூம்பு வைத்துச் சுற்றி வருவதில் இது வராது.

ஸ்டிக்கையும் பாருங்கள். அண்ணன் ஸ்டிக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறீர்களா? வெட்டினால் அது இன்னும் விறைப்பாகும், பையனால் வளைக்க முடியாது, ஷாட் எழும்பாது. பவுண்டில் அவன் எடை எவ்வளவோ அதில் பாதி அளவுக்கு, ஸ்டிக்கின் விறைப்பைச் சொல்லும் ஃப்ளெக்ஸ் எண் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு.

அப்புறம் ஒன்று. கனடாவில் 2013 முதல் 11, 12 வயதுப் பிரிவில் பாடி செக் (பக் வைத்திருப்பவரை உடம்பால் மோதித் தடுப்பது) கிடையாது, அமெரிக்காவிலும் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அப்படித்தான். அடுத்த பிரிவில் மோதல் வரும்போது வெறும் வேகத்தை வைத்து ஆடியவர்கள் சட்டென்று சுருங்கிப்போவார்கள். மோதலை வாங்கிக்கொண்டு பக்கை விடாமல் வைத்திருப்பதை இப்போதே விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், ஷூட்டிங் பயிற்சியைவிட அது அவசரம்.

கேள்வி: 2023-24இல் 50 புள்ளி, 2024-25இல் 51. ஆள் அங்கேயே நின்றுவிட்டாரா? இவருக்கு வருடத்துக்கு 7.6 மில்லியன் டாலரா?

கோல் 20இலிருந்து 18ஆகக் குறைந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கோபம் முழுமையாகட்டும். பக்கத்தில் சுஸுகி 89 புள்ளி எடுத்தார், காஃபீல்டு 37 கோல் போட்டார், ஆக இவர் இன்னும் நிறைய எடுத்திருக்க வேண்டும் என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இவரிடம் இருக்கும் பெரிய குறை, வலைக்கு முன்னால் நல்ல இடத்தில் நின்றுகொண்டும் பாஸ் தேடுவார். காஃபீல்டுக்குக் கொடுத்தே பழகிவிட்டது. கோலி நகர்ந்துகொண்டிருக்கும்போது வந்த வேகத்திலேயே அடித்துவிட வேண்டும், நிறுத்தி, பார்த்து, அப்புறம் அடித்தால் கோலி சாவகாசமாக எதிரே வந்து நிற்பார். பவர் பிளேயிலும் இதே கதைதான். இரண்டாவது குறை, இரண்டு சீசனிலும் முதல் பாதி தூங்கி வழிந்தது, பிற்பாதியில்தான் சூடு பிடித்தது. சீசனின் 82 ஆட்டமும் அந்தப் பிற்பாதி மாதிரி ஆடினால் 70 புள்ளி எட்டக்கூடிய ஆள்தான்.

ஆனால் நின்றுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். 2024-25இல் எதிரணிகள் இவர் லைனுக்கு எதிராகத் தங்கள் முதல் ஜோடி டிஃபென்ஸ்மேன்களை நிறுத்தத் தொடங்கிவிட்டன, 20 வயதில் அந்த ஜோடியோடு மோதிக்கொண்டு 51 எடுப்பது 50ஐவிடக் கனமான 51.

சம்பளம் பற்றி: 2024 ஜூலையில் கையெழுத்தான எட்டு வருட ஒப்பந்தம், மொத்தம் 60.8 மில்லியன். அணிகளின் சம்பள உச்சவரம்பு 2024-25இல் 88 மில்லியனாக இருந்தது, 2025-26க்கு 95.5 மில்லியன் ஆனது, அதற்கு மேலும் ஏறும் போக்குதான், இவருடைய 7.6 மட்டும் அப்படியே நிற்கும். 60 புள்ளி எடுத்தாலே மான்ட்ரியலுக்கு நல்ல லாபம், 50இலேயே உட்கார்ந்துவிட்டாலும் கையைச் சுடுகிற நஷ்டம் இல்லை.