இழுவைக்கு ஸ்கார்பியோவா, பொலேரோவா?

கேள்வி: மீன் பெட்டி ஏற்றிய சின்ன டிரெய்லரை இழுக்க செகண்ட் ஹேண்ட் டீசல் வண்டி தேடுகிறேன். எது தாங்கும்?
– வாசகர், காசிமேடு

பதில்: எம்ஹாக் என்ற 2.2 லிட்டர் எஞ்சின் உள்ள ஸ்கார்பியோ எடுங்கள். 120 குதிரைத்திறன் மாடலில் டார்க், அதாவது முறுக்கு விசை, 290 நியூட்டன் மீட்டர், பொலேரோவின் 2.5 லிட்டர் எஞ்சினில் 195தான். பொலேரோவும் நன்றாக உழைக்கும், ஆனால் சுமையோடு மேம்பாலம் ஏற முக்கும்.

பார்க்கப் போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் தெரியும் கோளாறை மறைக்க முன்பே ஸ்டார்ட் செய்திருக்கலாம்; இன்னொரு நாள் விடிகாலையில் போங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், விலையே பேசாதீர்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீல் கசிந்தாலும் இப்படி வரலாம்; அதையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடலோரம் ஓடிய வண்டியா? ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத் தகடுகளை விரலால் தடவுங்கள். உப்பு அரித்திருந்தால் மாவாக உதிரும். அப்படிப்பட்ட ரேடியேட்டரோடு டிரெய்லரை இழுத்தால் எஞ்சின் கொதித்துவிடும்.