கண்ணைக் கட்டினால் படிக்குமா பிள்ளை?

கேள்வி: பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்தில் ‘நடுமூளைப் பயிற்சி’ என்று நடத்தினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டே பிள்ளைகள் சீட்டின் நிறத்தைச் சொல்கிறார்கள், புத்தகம்கூட வாசிக்கிறார்கள். ஆறாவது படிக்கும் என் மகளைச் சேர்க்கலாமா? கட்டணம்தான் யோசிக்க வைக்கிறது.
- வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம்மா. நடுமூளை என்று ஒன்று இருப்பது உண்மைதான், கண் அசைவு, சத்தம் வந்த பக்கம் சட்டென்று திரும்புவது மாதிரி வேலைகளுக்கு அது வேண்டும். பிறந்ததிலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, யாராவது வந்து திறந்துவிட அது என்ன மேட்டூர் அணையா? துணியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்கோரம் ஒரு சந்து இருக்கும், அது வழியாகக் கீழே பார்க்கலாம். கவனியுங்கள், சீட்டை மூக்குக்குக் கீழேதான் பிடிப்பார்கள். நெற்றிக்கு நேரே பிடிக்கச் சொன்னாலோ, தாடைக்கு அடியில் ஓர் அட்டையை நீட்டினாலோ வாசிப்பு நின்றுவிடும். ஆனால் இதை ஊர் முன்னால் செய்து எந்தப் பிள்ளையையும் அழவைத்துவிடாதீர்கள், நாம் கைதட்டித்தானே அது மறைக்கப் பழகியது. நடத்துகிறவரைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள்.

சரி, செலவில்லாமல் என்ன செய்யலாம்? பாடத்தை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள்தான்.

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். அறிவியலை மக்களுக்குச் சொல்வதையே தொழிலாக்க ஆசை. வீட்டில் டி.என்.பி.எஸ்.சி. எழுது என்கிறார்கள்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: எழுதுங்கள் தம்பி, ஒன்றும் கெட்டுவிடாது. இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் தரும் இடங்கள் குறைவு, இருப்பதும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. அறிவியலைப் பரப்பவே மத்திய அரசு 1989-ல் தொடங்கிய விக்யான் பிரசாரையே 2023-ல் மூடிவிட்டார்கள். தமிழில் இதைச் செய்கிறவர்களில் நிறையப் பேருக்குச் சோறு போடுவது வாத்தியார் வேலைதான். எழுதிப் பழகத் துளிர் இருக்கிறது, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து நடத்தும் சிறுவர் இதழ்.

அப்புறம், ராக்கெட், கருந்துளை என்று ஆரம்பிக்காதீர்கள். நம் பக்கம் விதைநெல் தேர்வு செய்ய உப்புத்தண்ணீர் கரைப்பார்களே, நல்ல முட்டை மிதந்து நாலணா அளவு வெளியே தெரியும்வரை உப்புப் போட்டு, அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். மூழ்கியதில் நூறு, மிதந்ததில் நூறு, நன்றாகக் கழுவி ஈரச் சாக்கில் தனித்தனியாக வைத்து எத்தனை முளைத்தது என்று பிள்ளைகளே எண்ணட்டும். அடர்த்தி பற்றிய பேச்சை எண்ணி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மிதந்ததிலும் சிலது முளைத்துத் தொலைக்கும், அன்றைக்குத்தான் வகுப்பு களைகட்டும்.

கேள்வி: கைரேகையைப் பார்த்து, பையன் கண்ணால் கற்பவனா காதால் கற்பவனா என்று சொல்கிறார்களாமே?
- வாசகர், பாபநாசம்

பதில்: ரேகை கருவிலேயே அமைந்துவிடுவது, அவன் எப்படிப் படிப்பான் என்பது அதில் இல்லை. கண் வகை, காது வகை என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கே போதிய ஆதாரம் இல்லை என்று 2008-ல் பாஷ்லர் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டது. காவிரி எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று படிக்க எந்தப் பையனுக்கும் வரைபடம் வேண்டும்.